அண்ணாச்சியின் மூன்றாவது சிறுநீரகம்

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு மூன்றாவதாக ஒரு சிறுநீரகம் வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி, அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே துறைமுக வாசலில் நின்ற லாரி ஓட்டுநர்களுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சியேதான் சொன்னார். கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கோழி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிவிடும் தொழில் அவருக்கு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் அதன் சமையல்காரருக்கு முதலில் அறிமுகமாகும் தமிழர் அவர்தான். அப்படி வந்த ஒரு பிலிப்பைன்ஸ் கேப்டனிடமும் அவர் தன் விலாவைத் தட்டிக் காட்டி, மூன்று விரலை நீட்டி, "த்ரீ கிட்னி. லேப். குரோயிங்" என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் எழுந்து நின்று கைகுலுக்கி வாழ்த்தினாராம். என்ன புரிந்துகொண்டு வாழ்த்தினார் என்று யாருக்கும் தெரியாது. அன்று வெங்காயம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

உண்மையில் அண்ணாச்சியிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு சிறுநீரகங்களும் சரியில்லை. அவர் குடும்பத்தில் வழிவழியாக வரும் நீர்க்கட்டி நோய் அது. சிறுநீரகத்துக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் தோன்றி, வருஷக்கணக்கில் பெருத்து, கடைசியில் நல்ல சதையே இல்லாமல் ஆக்கிவிடும். அவருடைய அப்பா அதில்தான் போனார். பெரியப்பாவும் அதில்தான் போனார். ஆனால் சாத்தான்குளம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. அப்பாவுக்கு மஞ்சள்காமாலை, பெரியப்பாவுக்கு உடம்புச் சூடு என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெண் கொடுத்து எடுக்கிற குடும்பத்தில் சிறுநீரகத்தை வெளியே காட்ட முடியுமா?

அண்ணாச்சிக்குக் கால் வீங்கியபோது, தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். மருத்துவர் உப்பை நிறுத்தச் சொன்னார், கருவாட்டை மறக்கச் சொன்னார். பிறகு, மூன்றாவது மாடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது, அவர்களுக்கு உங்கள் சிறுநீர் கொஞ்சம் வேண்டுமாம், கொடுப்பீர்களா என்று கேட்டார்.

மூன்றாவது மாடியில் இருந்தவள் ஜெபசுதா. நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் எதையும் விளக்கிச் சொல்லும் வியாதி அவளுக்கும் இருந்தது. பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே வேலை பார்க்கலாம் என்று வந்திருந்தாள். அண்ணாச்சியை உட்காரவைத்து உற்சாகமாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க யூரின்ல, கிட்னியில இருந்து உதிர்ந்த செல்லு கொஞ்சம் உயிரோட இருக்கும். அதப் பிடிச்சு வளத்து, கருவுல எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவோம். பொறவு அதயே கிட்னி செல்லா மாத்துவோம். சின்னதா, கிட்னி மாதிரி ஒண்ணு வளரும். அதுல மருந்து போட்டுப் பாப்போம்."

இதில் 'மாதிரி' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அண்ணாச்சி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எவ்வளவு வேணும்?"

"இந்த டப்பாவுல பாதி இருந்தாப் போதும்."

"அவ்வளவுதானா?" அண்ணாச்சி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயி, நான் கப்பலுக்கே தண்ணி ஏத்துதவன்."

சில மாதங்கள் கழித்து, வளர்ந்தது என்று ஜெபசுதா போன் செய்தாள். அடுத்த அரைமணி நேரத்தில் அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். காலுறை, தலையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிவிட்டார்கள். லேப் டெக்னீஷியன் டேவிட்சன் நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தான். அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கறுப்பா, முள்ளு முள்ளா இருக்கே."

"அது உங்க கண்ணு இமை முடி அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்று பார்த்தார். இளஞ்சிவப்புத் தண்ணீரில் மங்கலாக ஓர் உருண்டை. அதற்குள் புழுப்போல வளைந்து வளைந்து சில குழாய்கள்.

"வெளிய எடுத்தா எத்தாம் பெரிசு இருக்கும்?"

"ஒரு கடுகு அளவு."

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. ஆனால் உடனே தேறிக்கொண்டார். "பொறந்த உடன எந்தப் பிள்ள எந்திரிச்சு நடக்கு? என்ன குடுக்கிய சாப்பாட்டுக்கு?"

"சர்க்கரை, புரோட்டீன், இன்னும் சில சத்து. இந்தத் தண்ணியில எல்லாம் இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்துவோம்."

"ஞாயித்துக்கிழம?"

"ஞாயித்துக்கிழமையும் வருவோம். நானோ டேவிட்சனோ ஆராதனை முடிஞ்சு வந்து மாத்திருவோம்."

இது அண்ணாச்சியை உருக்கிவிட்டது. தட்டில் இதேபோல நிறைய உருண்டைகள் இருப்பதை டேவிட்சன் காட்டியபோது, "அம்புட்டும் எனக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் உங்க செல்லுதான் அண்ணாச்சி. ஆனா இது மருந்து சோதிச்சுப் பாக்கத்தான். உடம்புல வைக்கிறதுக்கு இல்ல. இதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, யூரின் வெளிய போக வழி கிடையாது..." என்று ஜெபசுதா தொடங்கினாள்.

"தெரியும் தாயி, தெரியும்" என்று அண்ணாச்சி கண்ணைச் சிமிட்டினார். நல்ல சரக்கு வைத்திருக்கிறவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டான் என்பது அவருடைய தொழில் அனுபவம். இந்தப் பிள்ளை விஷயம் தெரிந்த பிள்ளை, கண்ணேறு படக்கூடாது என்று குறைத்துச் சொல்கிறது என்று முடிவுசெய்துகொண்டார்.

அதன்பிறகு வாரம் தவறாமல் வந்தார். வரமுடியாத வாரம் போன் செய்து, "தண்ணி மாத்தியாச்சா? கரண்டு நிக்கலையே?" என்று விசாரித்தார். ஒருதடவை ஒரு பாட்டில் பதநீர் கொண்டுவந்து, வெளிநாட்டுச் சத்தையெல்லாம்விட இது குளிர்ச்சி, ஒரு சொட்டு விட்டுப்பாருங்கள் என்றார். டேவிட்சன் அதை வாங்கி, வேறு வழியில்லாமல், தானே குடித்தான்.

இதுவரையில் யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணாச்சியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் அருணாசலவடிவு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். அண்ணாச்சியின் மனைவி. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே பேசிக்கொண்டு வந்திருப்பாள்போல. கதவைத் திறந்ததும் நடுவாக்கியத்திலிருந்து தொடங்கினாள்.

"...இவிய கிட்ட என்னத்தச் சொன்னிய நீங்க? உப்பு கூடிப்போச்சு, கிரியாட்டின் கூடிப்போச்சுன்னு டாக்டரு சத்தம் போடுதாரு. வீட்டுல நான் உப்பில்லாம அவிச்சுப் போடுதேன். இவிய குடோன்ல போயி சாளக்கருவாடு சுட்டுத் திங்காவ!"

"கருவாடா?" ஜெபசுதா பதறினாள்.

"கேட்டா என்ன சொல்லுதாவ தெரியுமா? 'பழசு ஓடுத வரைக்கும் ஓடட்டுமே ஏளா, அங்கன ஸ்டெப்னி ரெடியாகிட்டு இருக்கு'ன்னு சொல்லுதாவ. இது என்ன லாரியா?"

ஜெபசுதா அவளை உட்காரவைத்து, கடுகு அளவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அருணாசலவடிவு ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். "அப்பம் ஸ்டெப்னியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இத நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ. நீங்களே சொல்லுங்க."

ஜெபசுதா போன் செய்து சொன்னாள். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிவிட்டு, "எம் வீட்டுக்காரி வந்து சண்ட போட்டாளா? மனசுல வச்சுக்காதீங்க தாயி. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை இன்னொருவர் வந்தார். ஒல்லியாக, கறுத்து, இடது முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நல்லக்கண்ணு. அண்ணாச்சியின் இளமைக்காலச் சிநேகிதர். சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்டு, கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டு நேராக மேலே வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, பெருமாளு எனக்கு ஒண்ணு தாரேன்னு சொல்லியிருக்கான். நெறய வளருதாம்லா. ஒரு ஆளுக்கு ரெண்டு போதும், மிச்சத்துல ஒண்ணு உனக்குன்னு சொன்னான்." கொஞ்சம் தயங்கினார். "சின்னதா இருந்தாலும் பரவால்ல."

எதையும் விளக்கிப் பழகிய ஜெபசுதாவுக்கு அன்று விளக்க வாய் வரவில்லை. "அப்படி இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, படியில் மெதுவாக இறங்கிப் போனார். ஜெபசுதா வெகுநேரம் உருண்டைகள் வளரும் இன்குபேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டேவிட்சனிடம், "அண்ணாச்சிய சனிக்கிழம வரச்சொல்லுங்க. நேர்ல உக்காரவச்சு, தெளிவா, கடைசியாச் சொல்லிருதேன்" என்றாள்.

சொல்லியிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை கொப்புளம் வந்துவிட்டது.

அது வரவேண்டும் என்றுதான் அவர்கள் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். அண்ணாச்சியின் செல்லிலிருந்து வளர்ந்த உருண்டையில் அண்ணாச்சியின் நோயும் வரவேண்டும். வந்தால்தான் அதன்மேல் மருந்தைப் போட்டு, கொப்புளம் சுருங்குகிறதா என்று பார்க்க முடியும். வராவிட்டால் எல்லா உழைப்பும் வீண். நாசரேத்தில் ஜெபசுதாவின் அம்மா, பெண்கள் ஜெபக்கூட்டத்தில், "என் மக லேப்ல எப்படியாவது கட்டி வரணும் ஆண்டவரே" என்று ஜெபிக்க, மற்றப் பெண்கள் ஆமென் சொல்லலாமா வேண்டாமா என்று விழித்தார்களாம். வெள்ளிக்கிழமை டேவிட்சன்தான் முதலில் பார்த்தான். வளைந்த குழாய் ஒன்றில், சோப்புக் குமிழிபோல, தெளிவாக, அழகாக ஒரு கொப்புளம். பக்கத்து உருண்டையில் இரண்டு. அதற்கடுத்ததில் நிறைய.

ஜெபசுதா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். டேவிட்சன் போன் எடுத்துக் கேக்குக்கு ஆர்டர் சொன்னான். என்ன எழுத வேண்டும் என்று பேக்கரியில் கேட்டதற்கு, நீர்க்கட்டியின் ஆங்கிலப் பெயரை வைத்து, 'வெல்கம் சிஸ்ட்' என்றான். பேக்கரிக்காரர் சரி சரி என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கேக் வந்தது. அதன்மேல் ரோஜா நிறத்தில் 'வெல்கம் சிஸ்டர்' என்று இருந்தது. அதனால் என்ன என்று வெட்டினார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்து அண்ணாச்சி உள்ளே வந்தார். பின்னால் அவருடைய மகள் பானுப்ரியா. முப்பத்தொரு வயது, கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. அப்பாவைக் காரில் கூட்டிவந்திருந்தாள்.

அண்ணாச்சி கேக்கைப் படித்தார். "புது நர்சம்மா வந்திருக்காவளா?"

அப்போது ஜெபசுதா வாயைத் திறப்பதற்குள் டேவிட்சன் முந்திக்கொண்டான். இரவெல்லாம் தூங்காத சந்தோஷம் அவனுக்கு. ஒரு துண்டை எடுத்து அண்ணாச்சி கையில் வைத்து, "சிஸ்டர் இல்ல அண்ணாச்சி, சிஸ்ட்டு! உங்க கிட்னியில கட்டி வந்துட்டு!" என்றான்.

வாய்க்குக் கொண்டுபோன கேக்கை அண்ணாச்சி பாதியில் நிறுத்தினார்.

"எங்கன வந்துட்டு?"

"நாங்க வளத்தோம்லா, அதுல. எல்லாத்துலயும் வந்துட்டு. சூப்பரா வந்துட்டு!"

அண்ணாச்சி கேக்கை மேசைமேல் வைத்தார். "நல்லா இருந்த பிள்ளைக்கு நோவு வந்துருக்கு. நீங்க கேக் வெட்டுதிய."

"அண்ணாச்சி, உக்காருங்க" என்று ஜெபசுதா நாற்காலியை இழுத்துப்போட்டாள். "இது உங்க செல்லு. உங்களுக்கு இருக்கிற கோளாறு அதுக்குள்ளயும் இருக்கும். அது வெளிய வந்தாத்தான் எந்த மருந்து கேக்குதுன்னு பாக்கமுடியும். அதுக்குத்தான் வளத்தோம்."

"அப்பம் இது எனக்கு வைக்கதுக்கு இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. மொதல்ல இருந்தே இல்ல. எத்தனையோ தடவ சொன்னேன்."

"சொன்னிய." அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். "நான் யாவாரிலா. நீங்க கொறச்சுச் சொல்லுதியன்னு நெனச்சேன்." பிறகு கோபம் திரும்ப வந்தது. "எனக்கு இது வேண்டாம். எம் பொருள என்கிட்ட குடுத்துருங்க. ஒரு ஐஸ்பெட்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"வீட்டுக்குக் குடுக்க முடியாது. ஆனா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க சொன்னா அழிச்சிருவோம்."

"அழிச்சிருவியளா? எப்படி?"

டேவிட்சன் உண்மையைச் சொன்னான். "பிளீச்சிங் தண்ணி ஊத்தி."

அண்ணாச்சி தட்டுக்கும் டேவிட்சனுக்கும் நடுவில் போய் நின்றார். "அத்தன நாளு ஞாயித்துக்கிழமகூட வந்து சோறு போட்டுட்டு, பிளீச்சிங் ஊத்துவியளா? மனுசங்களா நீங்க?"

"அப்பம் வளக்கட்டுமா?" என்றான் டேவிட்சன்.

"நோவோடயா?"

"அழிக்கட்டுமா?"

"எவன்லே அழிக்கது!"

இப்படியே அது சுற்றிச் சுற்றி வந்தது. வேண்டாம் என்கிறார், அழிக்கக் கூடாது என்கிறார். வைத்துக்கொள்ளலாமா என்றால் கூடாது என்கிறார். பானுப்ரியா இவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்றிருந்தாள். மெதுவாக வந்து நுண்ணோக்கிக்குமுன் உட்கார்ந்தாள்.

"நான் பாக்கலாமா?"

டேவிட்சன் சரிசெய்து கொடுத்தான். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணாச்சிகூடச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"இது பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு சொல்லுதாங்களே, சரிதானா மேடம்?" என்று கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"சரிதான்" என்றாள் ஜெபசுதா.

"என் வயசுல ஸ்கேன் எடுத்தாத் தெரியுமா?"

"அநேகமாத் தெரியும்."

"என்ன சொல்லுதா இவ?" என்றார் அண்ணாச்சி.

பானுப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அண்ணாச்சிக்குக் காலே தேய்ந்திருந்தது. வந்தவர்களையெல்லாம் அவள் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருந்தாள். ஒருவன் அதிகம் சிரிக்கிறான். ஒருவன் சிரிக்கவே இல்லை. மதுரைக்காரனுக்கு மூக்கு சரியில்லை. இதற்குமேல் எந்த மூக்கைத் தேடுவது என்று அண்ணாச்சி ஊரெல்லாம் புலம்பியிருந்தார்.

அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். "அந்த மதுர மாப்பிள்ளைக்கு மூக்கு நல்லாத்தான் இருந்துச்சுப்பா."

அண்ணாச்சிக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. உறைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபசுதா இழுத்துப்போட்டும் உட்காராதவர், இப்போது தானாகவே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிக்கிட பயமா இருந்துச்சு. தெரியாமக் கட்டிக்கிடவும் பயமா இருந்துச்சு. உங்ககிட்டச் சொன்னா நீங்க அதுக்கும் ஏதாவது பேரு மாத்தி வச்சிருவிய. மஞ்சக்காமாலன்னு."

அடுத்த திங்கட்கிழமை பானுப்ரியாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி இருந்தது. கொஞ்சந்தான், சின்னதுதான். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, உப்பைக் குறைத்து, தண்ணீர் நன்றாகக் குடித்து வந்தால் எத்தனையோ வருஷம் தொந்தரவில்லாமல் போகும், சிலருக்கு வேகத்தைக் குறைக்கிற மாத்திரையும் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அருணாசலவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பானுப்ரியா வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் குடித்தாள். "இதுவரைக்கும் தெரியாமப் பயந்தேன். இனிமே தெரிஞ்சு பயப்படலாம். அது எவ்வளவோ தேவல" என்றாள்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "குடோன்ல, காலித் தண்ணி டிரம்முக்குள்ள கருவாடு இருக்கு. எடுத்து வெளிய போட்டுரு" என்றார்.

"அத நான் எடுத்துப்போட்டு எட்டு நாளாச்சு" என்றாள் அவள்.

சாயங்காலம் நல்லக்கண்ணுவின் ஆபீசுக்குப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவர், போனதும் "வே, அந்தக் கிட்னி..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு வைக்க முடியாது. தெரியும்" என்றார் நல்லக்கண்ணு. "டாக்டரம்மா சொல்லுததுக்கு முந்தியே பாதி தெரியும். நீ சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில என் பேர வரிசையில போட்டு வச்சிருக்காவ. என்னைக்காவது வரும். நீ உக்காரு."

அண்ணாச்சி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். லாரி புக்கிங்குக்கு வந்தவர்கள், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜெபசுதாவுக்குப் போன் வந்தது.

"தாயி, நம்ம பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் சொல்லாம மருந்து போடல."

"போடுங்க. நல்லாப் போடுங்க. இந்த வியாதி உள்ள ஆளு இன்னும் ரெண்டு மூணு பேரு கிடைச்சா உங்களுக்கு உபயோகமா இருக்குமா?"

"ரெண்டு மூணு பேரா? ஒரே குடும்பத்துல, வியாதி உள்ளவங்க, இல்லாதவங்க, ரெண்டு பக்கமும் கிடைச்சா அதுதான் அண்ணாச்சி எங்களுக்கு வேணும். யாரு வருவா?"

"சரி" என்று வைத்துவிட்டார்.

கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிறவர் சொந்தக்காரர்களை ஏற்றினார். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை என்று போய்ப் போய், கோயில் கொடை விழாவுக்கு அழைக்கிற மாதிரி அழைத்து, இரண்டு வேன் நிறையக் கொண்டுவந்து மருத்துவமனை வாசலில் இறக்கினார். வரவேற்பில் இருந்த பெண் ஏதோ விபத்து என்று நினைத்து ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லிவிட்டாள். ஆனால் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒருவர் சும்மா துணைக்கு வந்தவர். ஒருவர் தூத்துக்குடியில் மக்ரூன் இனிப்பு வாங்க வந்தவர். சித்தப்பா ஒருவர், வீங்கிய காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கடல் காற்று வாங்க வந்ததாகச் சொன்னார்.

அண்ணாச்சி வரவேற்பறை நடுவில் போய் நின்றார். கப்பல் மேல்தளத்துக்குக் கேட்கிற குரல் அவருக்கு.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எங்க அப்பாவுக்கு மஞ்சக்காமால கெடையாது. கிட்னி. பெரியப்பாவுக்குச் சூடு கெடையாது. அவருக்கும் கிட்னி. எனக்குக் கிட்னி. எம் மவளுக்கும் கிட்னி. இந்தா நிக்கா."

பானுப்ரியா அவர் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் பொதுவாகக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

காத்திருந்த மற்ற நோயாளிகள்கூட டோக்கனை மறந்து பார்த்தார்கள். பிறகு சுவரைப் பிடித்திருந்த சித்தப்பா, "எனக்கும்தான்லே. அஞ்சாறு வருசமாச்சு" என்றார். அதற்குப்பின் மக்ரூன் வாங்க வந்தவர். அதற்குப்பின் திசையன்விளைக்காரர் ஒருவர், அவர் தம்பி. ஒருத்தி தன் கணவன் பக்கம் திரும்பி, "அப்பம் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியுமா உங்க வீட்டுல?" என்று கேட்க, அங்கே ஒரு சண்டை தொடங்கப் பார்த்தது. அருணாசலவடிவு போய் அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும்தான் ஒருத்தரும் சொல்லல. சண்டைய வீட்டுல போயி நல்லாப் போடு. நானும் வாரேன். இப்பம் டப்பாவ வாங்கு."

அன்று மூன்றாவது மாடியில் டப்பா தீர்ந்துபோய், டேவிட்சன் பக்கத்து லேபுக்கு ஓடினான்.

அடுத்த மாதங்களில் ஜெபசுதாவுக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. எல்லார் செல்லும் வளர்ந்தது. ஒரு மருந்தைப் போட்டதில், அண்ணாச்சியின் கொப்புளங்கள் கொஞ்சம் சுருங்கின. திசையன்விளைக்காரரின் கொப்புளங்கள் அசையவே இல்லை. இது ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. ஆனால் குடும்பத்தில் இது பரீட்சை ரிசல்ட் போலப் பரவியது. திசையன்விளைக்காரர் போன் செய்து, "அவனுக்கு மட்டும் நல்ல மருந்தப் போட்டியளா? சொந்தத்துல பேதம் பாக்கலாமா?" என்று கோபித்துக்கொண்டார். சித்தப்பா தன்னுடையது அண்ணாச்சியுடையதைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆராய்ச்சி முடிவுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும், மருந்தாகுமோ ஆகாதோ தெரியாது என்று ஜெபசுதா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். இப்போதெல்லாம் 'மாதிரி' என்ற சொல்லை இரண்டுதடவை சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சியின் பழைய சிறுநீரகங்கள் அத்தனை வருஷம் காத்திருக்கத் தயாராக இல்லை. கருவாட்டை விட்டும் பயனில்லை. அருணாசலவடிவு யாரையும் கேட்காமல் தன் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, தன் சிறுநீரகம் ஒன்று அவருக்குப் பொருந்தும் என்று வந்து சொன்னாள். அண்ணாச்சி முதலில் மறுத்தார், பிறகு அழுதார், பிறகு ஒத்துக்கொண்டார். "இவ்வளவு நாளும் வெளிய இருந்து அதட்டினா. இனிமே உள்ள இருந்தும் அதட்டுவா, வே" என்று நல்லக்கண்ணு சொன்னதற்கு அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அண்ணாச்சியும் மனைவியும் மகளும் மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். பானுப்ரியாவின் செல்லிலிருந்து வளர்ந்தது அன்றுதான் பார்க்கத் தயாராயிருந்தது. தன்னுடையதை வாரம் தவறாமல் வந்து பார்த்த அண்ணாச்சி, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நான் பாக்கல. நீங்க பாருங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை.

பானுப்ரியா பார்த்தாள். அருணாசலவடிவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு வெளியே வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கொஞ்சம் உங்க மொகச் சாட."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். டேவிட்சன் மேலங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.